குட்டி டஃபொடில்லுக்கு நம்ம ஊர்க் குளிர் பத்தாது

போன ஒக்டோபரில், மஞ்சள் பூ பூக்கும் ‘டெட்-அ-டெட்’ என்ற குட்டி டஃபொடில் ரகத்தில் பத்துக் கிழங்கு நட்டேன். இலை கொத்துக் கொத்தாக வந்தது, பூ ஒன்றுகூட இல்லை. பசளை போதவில்லையா?
– நானுஓயா வாசகி

பசளைமேல் பழி போடாதீர்கள். நீங்கள் வாங்கும்போதே பூ கிழங்குக்குள் இருக்கிறது. மனம் வந்தால் ஒன்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள், வெள்ளைச் செதில்களுக்கு நடுவில் மொட்டு பொடியாகத் தெரியும். ஆனால் 12 முதல் 14 வாரம், 9 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர் பட்டால்தான் அதன் தண்டு ஒழுங்காக நீளும். இல்லையென்றால் மொட்டு உள்ளேயே காய்ந்துபோகும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில்கூட இரவில் நாம் கம்பளிக்குள் சுருண்டாலும், பகலில் வெயில் வந்ததும் மண் சூடேறிவிடுகிறது. நமக்கு நடுங்குகிற குளிர், அதற்குக் குளிரே இல்லை.

ஆகவே ஃபிரிட்ஜ்தான் வழி. ஒக்டோபர் தொடக்கத்தில் ஓட்டை போட்ட காகிதப் பையில் கட்டி, 5 பாகையளவில் வைத்து, ஜனவரியில் எடுத்து நடுங்கள். ஜனவரி, பெப்ரவரியில்தான் இங்கே இரவுக் குளிரும் அதிகம். பக்கத்தில் ஆப்பிளோ பேரிக்காயோ இருக்கக் கூடாது. பழம் பழுக்கும்போது வரும் எதிலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று: பையில் பெரிதாக ‘நஞ்சு’ என்று எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒன்றை எடுத்துச் சம்பலுக்கு உரிக்கத் தொடங்கிவிட்டார். “என்னடா இது, வெங்காய வாசமே இல்லை, கையெல்லாம் பிசுபிசுக்குது” என்று கேட்டதால் தப்பித்தோம். தின்றால் வாந்தி, வயிற்று வலி நிச்சயம். அந்தக் கிழங்கின் சாறு பட்டாலே சிலருக்குக் கை அரிக்கும்.

தேயிலை பிடுங்கிய நிலத்தில் நடலாமா?
– ஹட்டன் வாசகர்

நடலாம், ஆனால் அந்த மண் புளிப்பு. நடுவதற்குச் சில வாரம் முன்பே கொஞ்சம் டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) தூவிக் கொத்திவிடுங்கள். உங்கள் ஊர் மழைக்குப் புளிப்பைவிடத் தேங்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி. ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி கட்டி, ஆற்று மணலும் மக்கிய கூட்டெருவும் கலந்துகொள்ளுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், கிழங்கு அழுகும். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், கூர்நுனி மேலே. நட்ட பிறகு அடியை அழுத்திப் பார்க்கிறேன் என்று தோண்டாதீர்கள். வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள், அடிப்பக்கம் மெத்தென்று இருந்தால் அழுகல் ஏற்கனவே தொடங்கிவிட்டது.

பூத்து முடிந்ததும் இலையை வெட்டிவிடலாமா?
– வெலிமடை வாசகி

வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள். இலை தானாக மஞ்சளாகும் வரை, குறைந்தது ஆறு வாரம் விடுங்கள். அதுதான் கிழங்குக்குச் சாப்பாடு. அப்புறம் தோண்டி உலர்த்தி, ஒக்டோபரில் மறுபடி ஃபிரிட்ஜ். உண்மையைச் சொன்னால், நம்ம பக்கம் இரண்டாம் ஆண்டுப் பூவை நம்பி இருக்க முடியாது. வந்தால் லாபம்.

லண்டனிலிருந்து வரும் தம்பி பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரலாமா?
– ஹப்புத்தளை வாசகர்

வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதியும் அங்கிருந்து தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும்.

ஃபிரிட்ஜில் இடமே இல்லை. வேறு வழி?
– பண்டாரவளை வாசகி

‘பேப்பர்வைட்’ ரகம் கிடைத்தால் வாங்குங்கள். அதுவும் டஃபொடில் குடும்பம்தான், குளிரூட்டல் கேட்காது. குட்டியாக இருக்காது, முழங்கால் உயரம் வரும், வாசனை சிலருக்குத் தலைவலி. அதுவும் கிடைக்காவிட்டால் மழை லில்லி இருக்கவே இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பிடி கேட்டு வாங்கி நட்டுவிடுங்கள்.