‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்ற எண்ணம்தான் மதிப்பெண்ணைக் குறைக்கிறதா?

கேள்வி: பையன் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 90க்குக் குறையாது, ஆங்கிலத்தில் 50ஐத் தாண்டாது. கேட்டால் ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்கிறான். இந்த எண்ணம்தான் காரணமா? தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

எண்ணமும் காரணம்தான். ஆனால் அந்த எண்ணத்தை உண்டாக்கியதே பழைய மதிப்பெண்களாக இருக்கும். இரண்டில் எது முந்தியது என்று கல்வி உளவியலில் நெடுநாள் வாதம் நடந்தது. ஒரே மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஹெர்பர்ட் மார்ஷ் போன்ற ஆய்வாளர்கள், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றார்கள். இழுக்கும் விதம் வகுப்பில் கண்ணால் பார்க்கக்கூடியதே. வராது என்று நினைப்பவன் பத்தியைக் கடைசிவரை படிக்க மாட்டான். சொந்தமாக எழுத வேண்டிய கடிதத்தை கைடிலிருந்து உருப்போடுவான். பழக்கம் விட்டுப்போகும், மதிப்பெண் இறங்கும், ‘பார்த்தீங்களா, வரலை’ என்று முடியும்.

தன்னம்பிக்கை வகுப்புக்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். 1976இல் ஷேவல்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் முன்வைத்த கோட்பாட்டு மாதிரியிலேயே கல்விசார் தற்கருத்து, அதாவது படிப்பில் ‘நான் எப்படி’ என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம், பாடவாரியாகக் கிளை பிரிந்துதான் இருக்கிறது. ‘நான் திறமைசாலி’ என்ற பொதுவான எண்ணத்துக்கும் ஆங்கில மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு சொற்பம். ‘ஆங்கிலத்தில் நான் எப்படி’ என்பதற்கும் அந்த மதிப்பெண்ணுக்கும்தான் நெருக்கம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: அந்தக் கணக்கு 90ம் இதில் ஒரு குற்றவாளி. மார்ஷ் 1986இல் சொன்னபடி, மாணவன் இரண்டு பக்கம் ஒப்பிடுகிறான். ஒன்று, பக்கத்து பெஞ்சுக்காரனோடு. மற்றது, தன்னுடைய இன்னொரு பாடத்தோடு. ஆங்கிலத்தில் இதே 50 வாங்கி, கணக்கில் 35 வாங்கும் பையன் ‘எனக்கு இங்கிலீஷ்தான் கொஞ்சம் பரவாயில்லை’ என்பான். ‘கணக்குல 90 எடுக்கிறவனுக்கு இதுல என்ன கேடு?’ என்று வீட்டில் கேட்கும்போது அந்த இரண்டாவது ஒப்பீட்டை நாமே ஊதிப் பெரிதாக்குகிறோம். அண்மையில் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கோ, நன்றாகப் படிப்பவர்களை மட்டும் சேர்த்த பிரிவுக்கோ மாற்றியிருந்தால் முதல் ஒப்பீடும் சேர்ந்து அடிக்கும். திறமை அப்படியே இருக்க, சுற்றியிருப்பவர்கள் உயர்ந்ததால் மட்டுமே தற்கருத்து சரியும்.

முதலில் எங்கே அடைப்பு என்று பாருங்கள். ‘வராது’ என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் பேச்சைத்தான். பள்ளித் தேர்வோ பெரும்பாலும் எழுத்தில். அதனால் படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் வீதம் எட்டு வாக்கியங்களை எழுதி, 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்லுங்கள். ‘ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் தயங்காமல் தொடங்குவேன்’ என்பது போல. 5 வரை வைத்தால் பலர் நடுவிலுள்ள 3இல் ஒளிந்துகொள்வார்கள். தாள் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கொடுத்தால் தற்கருத்தை அளக்காமல் வாசிப்பை அளந்துவிடுவீர்கள். ‘கடினமில்லை’ போன்ற எதிர்மறை வாக்கியங்களைத் தவிருங்கள், பிள்ளைகள் தலைகீழாகக் குறிப்பார்கள். தேர்வுத்தாள் திருப்பிக் கொடுத்த வாரத்தில் இந்த மதிப்பீட்டை எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது, சிவப்பு மை. எட்டு வரிப் பத்தி, அதில் பதினான்கு வட்டம். பையனுக்கு அதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: எல்லாமே தப்பு. இதற்குப் பதில் இரண்டு மூன்று வாரம் இறந்தகால வினையை மட்டும் திருத்துங்கள். ‘ஹீ கோ டு ஸ்கூல் யெஸ்டர்டே’ என்றால் ‘கோ’வின் கீழே மட்டும் கோடு, எழுத்துப்பிழை, கமா எல்லாம் காத்திருக்கட்டும் (கை அரிக்கும், பரவாயில்லை). அடியில் ‘குட்’ என்று எழுதாமல் ‘வினை 8க்கு 3 சரி’ என்று எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அது 5 ஆனால், அவன் ஒப்பிடுவது பக்கத்து பெஞ்சோடு அல்ல, போன வாரத்து அவனோடு. 7ஐத் தொட்டதும் அடுத்த பிழைக்குப் போகலாம். சுலபமான வேலைக்கு ‘சூப்பர்டா’ என்று சொல்லாதீர்கள். இந்த வயதில் அதை இரக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிப்பதை நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள். செலவில்லாத மாற்றம் அது.

ஒரு பருவம் கழித்து அதே எட்டு வாக்கியத் தாளைக் கொடுங்கள். மற்ற வரிகள் அசையாமல், எழுதுவது பற்றிய இரண்டு வரி மட்டும் ஏறியிருந்தால் வேலை சரியான இடத்தில் நடக்கிறது. தாளில் எண்கள் ஏறி, தேர்வில் ஏறவில்லை என்றால் பாராட்டு கூடி, பயிற்சி குறைந்துவிட்டது; வாரத்துக்கு ஒரு பத்தி கூடுதலாக எழுத வையுங்கள்.