18 நாளாகியும் எழுந்து நிற்காத நாய்க்குட்டி: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் லாப்ரடார் முதல் ஈற்றில் இரண்டே குட்டி போட்டது. இன்றோடு 18 நாள். பொட்டைக்குட்டி தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்துவிட்டது. கடுவன்குட்டி கொழுகொழுவென்று இருக்கிறது, ஆனால் எழுந்து நிற்கவில்லை. பின்னங்கால் இரண்டும் தவளைக்கால் மாதிரி பக்கவாட்டில் விரிந்து கிடக்க, வயிற்றால் தரையை உந்தி உந்திப் போகிறது. வீடு முழுக்க டைல்ஸ். கால்சியம் சொட்டு மருந்து கொடு என்கிறார் ஒருவர். நல்லெண்ணெய் தேய்த்துக் காலை இழுத்து உருவிவிடு என்கிறார் இன்னொருவர். எது சரி? மற்ற குட்டியைக் கேட்பவர்களுக்கு இப்போதே கொடுத்துவிடலாமா?
- அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: சொட்டு மருந்தும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இன்றைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை, குட்டி கிடக்கும் இடத்தில் டைல்ஸ் தெரியாமல் மூடுவது. அடுத்தது கால்களைச் சேர்த்து டேப் போடுவது. மூன்றாவது, ஒரு நாளைக்கு ஆறு எட்டு தடவை உங்கள் கையால் கொடுக்கும் பயிற்சி. எலும்பும் மூட்டும் இளசாக இருக்கும் இந்த நாட்களில்தான் இது எளிதாகக் கைகூடும். ஆகவே 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்று விடாதீர்கள்.

கால்நடை மருத்துவர்கள் இதை 'ஸ்விம்மர் பப்பி' என்பார்கள், நீச்சலடிக்கும் குட்டி. நாய்க்குட்டி 10 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும், 15 நாள் வாக்கில் எழுந்து நிற்கப் பார்க்கும், 21 நாளில் தள்ளாடியாவது நடந்துவிடும். தொடையின் உள்பக்கத் தசைகள்தான் கால்களை உடம்புக்கு அடியில் இழுத்துப் பிடிப்பவை. அவை பலப்படத் தாமதமானால் கால் வெளிப்பக்கம் சறுக்கும். சறுக்கினால் குட்டி வயிற்றிலேயே கிடக்கும். கிடக்கக் கிடக்க அந்தத் தசைக்கு வேலையே இல்லாமல் போகும். தரை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரைக் கூறும் இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. உங்கள் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எட்டுப் பத்து காம்புக்கு இரண்டே வாய்! குடிக்கும் பாலெல்லாம் எடையாக ஏறுகிறது, அந்த எடையைத் தூக்கக் காலில் வலு இல்லை. குட்டைக்கால், அகன்ற நெஞ்சு உள்ள டேஷ்ஹண்ட், புல்டாக், பாசெட் போன்ற இனங்களில் இது அதிகம். ஒல்லி உடம்பும் நெட்டைக் காலுமான நம் பக்கத்துச் சிப்பிப்பாறை, கன்னிக் குட்டிகள் அந்தக் கணக்கில் சேராதவை.

டேப் போடும் முன் ஐந்து நிமிடம் குட்டியைச் சோதியுங்கள். பின்னங்கால் விரல்களுக்கு நடுவே உள்ள தோலை நகம் படாமல் லேசாகக் கிள்ளுங்கள். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் நரம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்டுங்கள். தடையில்லாமல் மடங்க வேண்டும், குட்டி கத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் அலறினால் தாய் மிதித்து எலும்பு முறிந்திருக்கலாம். மூட்டு சுட்டு, வீங்கி, தொப்புளில் சீழ் இருந்தால் அது கிருமித் தொற்று. கால் குச்சி மாதிரி விறைத்து மடங்கவே மறுத்தாலும், கிள்ளியும் உணர்வில்லாமல் இழுபட்டுக் கிடந்தாலும் வேறு நோய். முன்பு நடந்த குட்டி திடீரென்று படுத்துவிட்டாலும் அப்படியே. இவற்றில் எதற்கும் வீட்டு வைத்தியம் உதவாது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும், முதல் டேப்பை ஒரு மருத்துவர் கையால் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். தாயையும் கூட்டிப் போனால் வழியில் பால் பிரச்சினை இராது.

தரைக்கு வருவோம். நியூஸ்பேப்பர் டைல்ஸ் மேல் குட்டியோடு சேர்ந்து வழுக்கும். கோரைப்பாயும் அப்படித்தான், பத்தமடைப் பாயின் வழுவழுப்பு நாம் படுக்கச் சுகம், குட்டியின் பாதத்துக்குப் பிடி கிடைக்காது. சாக்கு பிடி கொடுக்கும், ஆனால் பிரிந்த நூலில் நகமும் விரலும் சிக்கும். மாட்டுத் தொழுவத்துக்கு விற்கிற ரப்பர் மேட்டில் ஒரு துண்டு வெட்டிப் போட்டு, அதன் மேல் பழைய டர்க்கி டவலை இழுத்து, நாலு ஓரத்தையும் மேட்டுக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். துணி சுருங்கி மடிப்பு விழக் கூடாது. நனைந்தால் மாற்ற, மூன்று நாலு டவல் கையில் இருக்கட்டும். மண் தரை, சாணம் மெழுகிய தரை உள்ள வீடென்றால் இந்தச் செலவே கிடையாது.

இனி டேப். அரை அங்குல அகலப் பேப்பர் பிளாஸ்திரி, கொஞ்சம் பஞ்சு, ஒரு முழம் நூல், இவ்வளவு போதும். தோலை உரித்தெடுக்கும் அழுத்தமான பிளாஸ்திரியும், எலெக்ட்ரிக் வேலைக்கு வாங்கும் இன்சுலேஷன் டேப்பும் கூடாது. குட்டியின் இடுப்பெலும்பு அகலத்தை நூலால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் இடையே விட வேண்டிய தூரம் அந்த நூலின் நீளம்தான். அதைவிட நெருக்கிக் கட்டினால் குட்டி நிற்க முடியாமல் கவிழும். அகலம் கூடினால் கட்டியும் பயனில்லை.

பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கிற மூட்டு குதிமூட்டு. அதற்குச் சற்று மேலே மெல்லிசாகப் பஞ்சு சுற்றுங்கள். ஒருவர் குட்டியை மல்லாக்க மடியில் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரு காலில் ஒன்றரைச் சுற்று டேப் சுற்றி, அறுக்காமல் நூல் அளவு இடைவெளி விட்டு, அடுத்த காலுக்கு ஒன்றரைச் சுற்று கொடுத்து, மறுபடி முதல் காலுக்கே கொண்டுவர வேண்டும். நடுவில் பசைப் பக்கம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பாலம் மாதிரி நிற்கும். டேப்புக்கும் காலுக்கும் நடுவே ஒரு பேனா ரீஃபில் நுழைய வேண்டும். நுழையவில்லையா, பிரித்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள்.

போட்ட அரை மணி நேரத்தில் விரல்களைப் பாருங்கள். சில்லிட்டோ வீங்கியோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். பிறகு நாளைக்கு நாலு தடவையாவது பார்க்க வேண்டும். இந்த வயதில் குட்டி நாளுக்கு நாள் பருக்கும். இன்றைக்குச் சரியாக இருந்த டேப் நாளை மறுநாள் இறுகிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றி, தோலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விட்டு, புதிதாக அளந்து போடுங்கள். மூத்திரத்தில் நனைந்தால் அப்போதே மாற்றுங்கள். கழற்றும்போது டேப் விளிம்பில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் முடி பிடுங்காமல் வரும். பாதத்தில் எண்ணெய் தங்காமல் துடைத்துவிடுங்கள். முன்னங்காலும் விரிந்திருந்தால் அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பயிற்சி ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பால் குடித்த உடனே கூடாது, அரை மணியாவது போகட்டும். முதலில் தொடையின் உள்பக்கத்தை விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துச் சூடேற்றுங்கள். பிறகு சைக்கிள் மிதிப்பதுபோல ஒவ்வொரு காலையும் 10, 15 தடவை மடக்கி நீட்டுங்கள். அடுத்து உள்ளங்கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, நாலு பாதமும் உடம்புக்கு நேர் கீழே வருமாறு நிறுத்தி, பாதி எடையை நீங்கள் தாங்கி, பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். நாளாக ஆக உங்கள் கை தாங்குவதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இடையே மெத்தென்ற பல் பிரஷால் பாதத்தை வருடுங்கள். கூச்சத்தில் குட்டி காலை இழுக்கும், அந்த இழுப்பே தசைக்கு வேலை. இரண்டு துண்டுகளை உருளையாகச் சுருட்டி, குட்டி நுழையும் அகலத்தில் வாய்க்கால் மாதிரி வைத்து, அதற்குள் விட்டால் கால் விரிய இடமில்லாமல் முன்னோக்கி உந்தும்.

கண் திறந்துவிட்டதால் தண்ணீர்ப் பயிற்சியும் கொடுக்கலாம். நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றே குறைவான வெதுவெதுப்பில், நெஞ்சளவுத் தண்ணீரில், கையால் தாங்கியபடி இரண்டு மூன்று நிமிடம் காலடிக்க விடுங்கள். குற்றால அருவி மாதிரி தலையில் ஊற்ற வேண்டாம். எடுத்ததும் ஈரம் போகத் துவட்டிவிடுங்கள்.

காலைவிட அவசரமான உறுப்பு நெஞ்சு. எப்போதும் குப்புறக் கிடந்தால் இளசான விலா எலும்புகள் தட்டையாகி, இதயத்தையும் நுரையீரலையும் அமுக்கும். தூங்கும் குட்டியைக் குப்புறக் கண்டால் ஒருக்களித்துத் திருப்பி, முதுகுக்குச் சுருட்டிய துணியை முட்டுக் கொடுங்கள். பால் குடிக்கும்போது தலைப்பக்கம் சற்று உயரட்டும். குடித்தபின் பத்து நிமிடம் தலை மேலாக ஏந்திப் பிடியுங்கள். மூக்கில் பால் வந்தாலோ, மூச்சு இரைந்தாலோ புரையேறி நுரையீரலில் இறங்கியிருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள். வயிற்றுத் தோல் மூத்திரத்தில் வெந்து சிவக்காமல் வெந்நீர்ப் பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள். கிடந்த கிடையாக இருப்பதால் மலம் கட்டும். தாய் நக்கிவிடவில்லை என்றால் ஈரப் பஞ்சால் ஆசனவாயை வருடிவிட வேண்டும்.

கொழுத்த குட்டி என்பதற்காகப் பட்டினி போடக் கூடாது. புட்டிப் பாலோ பசும்பாலோ மேற்கொண்டு கொடுத்துவந்தால் நிறுத்துங்கள். பொட்டைக்குட்டி முதலில் குடிக்கட்டும், பிறகு இவனை விடுங்கள். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். ஏற்றம் மட்டுப்படலாம், எடை குறையக் கூடாது.

கால்சியம் ஏன் வேண்டாம்? இது எலும்புச் சத்துக் குறையால் வந்ததல்ல, தாய்ப்பாலில் தேவையான கால்சியம் இருக்கிறது. பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு, மிகையாக வரும் கால்சியத்தை மறுக்கத் தெரியாது; அது எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும். படுத்தபடி வாயில் ஊற்றும் டானிக் புரையேறவும் செய்யும். மருந்துக்கடையில் மனிதருக்குக் கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி3 பாக்கெட் இந்தச் சின்ன உடம்புக்கு நஞ்சு. இழுத்து உருவுவதில் இடுப்பு மூட்டு நழுவும் ஆபத்து உண்டு. தேய்த்த எண்ணெயைத் தாய் நக்கித் தீர்க்கும், மிச்சம் பாதத்தில் பட்டு மேலும் வழுக்கும்.

பின்னங்கால் மட்டும் என்றால், மூன்று வார வயதுக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிய குட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்துவிடும். டேப்போடு ஒரு நிமிடம் தானாக நிற்கத் தொடங்கியதும் பகலில் பாதி நேரம் கழற்றி வையுங்கள். மறுபடி விரியவில்லை என்றால் முழுதாக எடுத்துவிடலாம். ரப்பர் மேட் மட்டும் இரண்டு மாதம்வரை கிடக்கட்டும். வளர்ந்தபின் இந்தக் கடுவனை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

மற்ற குட்டியை இப்போது கொடுக்க வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிப்பது அதற்கும் நல்லதல்ல. அது போய்விட்டால் மொத்தப் பாலும் இவன் வயிற்றுக்குத்தான். டேப் கழற்றிய பிறகு இரண்டையும் அதே மேட்டில் விடுங்கள். அது காதைக் கடித்துவிட்டு ஓடும்போது இவன் எழுந்து துரத்தப் பார்ப்பான், விழுவான், மறுபடி எழுவான்.