இழைப் பூஞ்சை நோய் உண்டாக்குவதில் புரத பாஸ்பட்டேஸ்களுக்கு என்ன பங்கு?

கைனேஸ் என்ற நொதி புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும், பாஸ்பட்டேஸ் என்ற நொதி அதை நீக்கும். வெறுமனே நீக்குகிற நொதிக்கு நோயில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற இழைப் பூஞ்சையையே பாருங்கள்.

இதன் வித்து 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். மூச்சோடு நுரையீரலின் காற்றுப் பைகள்வரை போய்விடும். அங்கே முளைத்து, இழையாக நீண்டு திசுவைத் துளைத்தால்தான் ஊடுருவும் நோய் வரும். இந்த நீட்சிக்கு கால்சினியூரின் என்ற பாஸ்பட்டேஸ் மிக அவசியம். செல்லுக்குள் கால்சியம் கூடியதும், அதை உணரும் கால்மோடுலின் என்ற புரதம் இதைத் தூண்டிவிடும். உடனே இது ஒரு மரபணு இயக்கிப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டுகளை அகற்றும். அந்தப் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, நெருக்கடியைத் தாங்க உதவும் மரபணுக்களை முடுக்கும்.

கால்சினியூரினின் வினையூக்கித் துணையலகுக்கான (பாஸ்பேட்டை நீக்கும் வேலையைச் செய்யும் பகுதிக்கான) மரபணுவை நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். இழைகள் குட்டையாகி, முனை மழுங்கி, தாறுமாறாகக் கிளைத்தன. எலிகளில் நோயின் வீரியமும் குறைந்தது. காஸ்போஃபங்கின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து, செல்சுவரின் கட்டுமானப் பொருளான குளுக்கனின் உற்பத்தியைத் தடுக்கும்போது, பூஞ்சை இன்னொரு கட்டுமானப் பொருளான கைட்டினைக் கூட்டித் தப்பப் பார்க்கும். அதற்கும் கால்சினியூரின் வேண்டும்.

சிட்-ஏ போன்ற வேறு பாஸ்பட்டேஸ்களும் செல்சுவரின் உறுதியைக் காக்கின்றன. ஆனாலும் மருந்துக்கான இலக்காக என்னை அதிகம் ஈர்ப்பது கால்சினியூரின்தான். சிக்கல் என்னவென்றால், நம் நோய் எதிர்ப்புக்கான டி செல்களுக்கும் அதே நொதி தேவை. அதைத் தடுக்கும் டாக்ரோலிமஸ், உறுப்பு மாற்று நோயாளிகளின் எதிர்ப்பாற்றலை அடக்கத் தரப்படும் மருந்து. அதனால்தான் பூஞ்சையின் நொதியை மட்டும் முடக்கி, மனித நொதியை விட்டுவிடும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள்.