சின்ன மேடைக்கு எந்த ஸ்பீக்கர்? கேள்வி பதில்

கும்பகோணத்தைச் சுற்றி பஜனை மடம், கோயில் மண்டபம், சின்னக் கல்யாணக் கூடம் என்று மைக்செட் போட்டு வருகிறேன். சொந்தமாக ஒரு செட் வாங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

பாபநாசம்: எங்கள் பஜனைக் குழுவில் எட்டுப் பேர். ஹார்மோனியம், மிருதங்கம், ஜால்ரா உண்டு. எழுபது பேர் உட்காரும் மடம். எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?

வாட்ஸை முதலில் மறந்துவிடுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் ஒரு நொடி தாங்கும் உச்சக் கணக்கு. தொடர்ந்து தாங்குவது அதைவிட ரொம்பக் குறைவு. அப்படியே நிஜமாக வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது ஒலி அளவில் 3 டெசிபல்தான். ஓரடி தள்ளியிருக்கும் மைக்கை அரையடிக்குக் கொண்டுவாருங்கள், காலணா செலவில்லாமல் 6 டெசிபல் கூடும்.

உங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு போதும், பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம். ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே ஒலி போகிற உயரத்தில் வையுங்கள். பாடுபவர்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்தால் மைக் கூவும்.

சிக்கல் திவ்யநாமத்தில்தான். விளக்கைச் சுற்றி ஆடிப் பாடும்போது வயர் காலில் மாட்டும், ஒவ்வொரு சுற்றிலும் மைக் ஸ்பீக்கரை நேராகப் பார்க்கும். முன்பாட்டுக்காரருக்கு மட்டும் கார்ட்லெஸ் கொடுங்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலைக்குத் தள்ளி, சத்தத்தையும் ஒரு படி இறக்குங்கள். ஜால்ராக்காரரை மைக்கின் பின்பக்கமாக உட்காரச் சொல்லுங்கள். ஷூர் எஸ்எம்58 மாதிரியான மைக்குகள் பின்னாலிருந்து வருவதைக் குறைத்துத்தான் எடுக்கும். இல்லாவிட்டால் ஜால்ரா எல்லா மைக்கிலும் ஏறி, சாகித்தியத்தை மூடிவிடும்.

மயிலாடுதுறை: கம்பம் மாதிரி ஒல்லியாக வருகிறதே, அது நல்லதா?

நல்லது. 2003இல் போஸ் கம்பெனியின் எல்1 என்ற கம்ப ஸ்பீக்கர் வந்த பிறகு பல கம்பெனிகள் இந்த மாதிரி போடுகின்றன. ஒலி பக்கவாட்டில் அகலமாகப் பரவும், மேலும் கீழும் குறைவாகப் போகும். கருங்கல் மண்டபத்தில் இது பெரிய உதவி. விதானத்தில் மோதித் திரும்புவது குறைந்தால் சொல் தெளிவாகக் கேட்கும். அந்த மாதிரி இடத்தில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட எதிரொலிதான் கூடும்.

நாகப்பட்டினம்: முப்பது பேருக்கு 500 வாட்ஸ் போதுமா?

பாபநாசத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மன்னார்குடி: மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்கிறது. மைக்கை மாற்றலாமா?

வேண்டாம், உடனே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இது எர்த் கோளாறு. ஜங்ஷன் பாக்ஸின் மூன்றாவது பின்னை யாராவது ஒடித்திருப்பார்கள், அல்லது மண்டபத்து வயரிங்கிலேயே எர்த் இருக்காது. 'இரைச்சல் போகட்டும்' என்று எர்த்தைக் கழற்றுகிறவர்களை நான் மேடைப் பக்கமே விடமாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்த் தரை எப்போதும் ஈரம், பாடுபவர் வெறுங்காலில் நிற்கிறார். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபார்த்து, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சைப் போட்ட பிறகு மைக்கைத் தொடுங்கள்.

தஞ்சாவூர்: வீட்டில் பாட்டுக் கேட்க எது வாங்கலாம்?

அது என் வேலை இல்லை. கடையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

திருவாரூர்: நாகசுரம், தவிலுக்கு எத்தனை மைக்?

நூறு பேர் கூடத்துக்கு ஒன்றுகூட வேண்டாம். சுவாமி புறப்பாட்டில் வீதி முழுக்கக் கேட்கிற வாத்தியங்கள் அவை.

திருவையாறு (தவில் வாசிப்பவர்): இதை ஒப்புக்கொள்ள முடியாது. பந்தி இரைச்சலில் வலந்தலையின், அதாவது விரலால் வாசிக்கும் வலப்பக்கத்தின், விரல் சொல்லெல்லாம் எங்கே கேட்கிறது? மைக் இல்லாவிட்டால் குச்சி அடி மட்டும்தான் ஜனங்களுக்குப் போய்ச் சேரும்.

ஐயா, உங்கள் வாசிப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கூடத்துக் கணக்கை மட்டும் சொல்கிறேன். பந்தி நடக்கிற இடமும் வாசிக்கிற இடமும் ஒன்றாக இருப்பதுதான் கோளாறு. தவிலைக் கூட்டினால் சாப்பிடுகிறவர்கள் இன்னும் உரக்கப் பேசுவார்கள். விரல் சொல் கேட்க வேண்டுமானால் வலந்தலைப் பக்கம் மட்டும் ஒரு மைக், கீழ்ச்சத்தத்தை வெட்டி, மெலிதாக. அதற்கு மேல் போகமாட்டேன்.

நாச்சியார்கோவில்: திருவையாற்றுக்காரர் சொல்வதே சரி. வாசிக்கிறவர்களுக்கே சுருதி கேட்பதில்லை.

சுருதி கேட்கவில்லை என்பது நியாயமான குறை. அதற்குச் சுருதிப் பெட்டியை மட்டும் ஒரு சின்ன மானிட்டரில் (வாசிக்கிறவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) நாகசுரக்காரர் காதருகே கொடுங்கள். நாகசுரத்தையே பெரிய பெட்டியில் ஏற்றினால் அந்தச் சீவாளியின் நாதம் தகரச் சத்தமாகிவிடுகிறது. அதை என்னால் தாங்க முடிவதில்லை.

திருவையாறு: சரி, வலந்தலைக்கு ஒரு மைக். ஆனால் குச்சிப் பக்கமும் வேண்டும்.

வேண்டாம் ஐயா.

வலங்கைமான்: வீணைக்கு?

வீணையில் ஒட்டி அதன் அதிர்வை எடுக்கிற பிக்கப், இடையில் அதை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் ஒரு டி.ஐ. பாக்ஸ். நேராக மிக்ஸரில் செருகினால் நாதம் மெலிந்துவிடும்.

சீர்காழி: 1000 வாட்ஸ் என்று போட்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாட்ஸ் பற்றி இனி எழுதமாட்டேன். உங்கள் மைக்கையும் பாடுகிற ஒருவரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். முழுச் சத்தத்தில் சொல் புரிந்தால் வாங்குங்கள்.

திருத்துறைப்பூண்டி: இரவு எத்தனை மணி வரை போடலாம்?

வெளியிடத்தில் இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும், காலை 6 வரை கூடாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. மற்ற நேரத்திலும் முன் அனுமதி வாங்குங்கள்.

குத்தாலம்: ஆடிக் காற்றில் ஸ்டாண்ட் சாய்கிறது.

மூன்று காலையும் முழுதாக விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணல் மூட்டை வையுங்கள். உயரத்தை ஓரடி இறக்குங்கள். வயரை ஸ்டாண்ட் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், ஓடுகிற பிள்ளைகள் இழுத்துவிடுவார்கள். அப்புறம், அந்தப் பந்தலில் எர்த் இருக்கிறதா?