அப்பம்மா பேசட்டும், டிவியை அணையுங்கள்

கேள்வி: நாகர்கோவில் பக்கம் பழவிளை முகாமில் இருக்கிறோம். மாமியார் 1990-இல் இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். நாலாம் வகுப்புப் படிக்கும் மகளின் மாலை வகுப்பில், குடும்பமாகச் சேர்ந்து ஒரு கதைப் புத்தகம் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் படகு வரைவேன் என்கிறாள். சண்டை, கடல் எல்லாம் பிஞ்சு மனதுக்கு எதற்கு? மாமியார் அந்தப் பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன். முயல் கதை ஒன்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: முயல் கிடக்கட்டும் அம்மா. டிவி சத்தத்தைக் கூட்டுகிறீர்களே, அதைப் பேசுவோம்.

வீடு, கிணறு எல்லாவற்றையும் போட்டுவிட்டு இருட்டில் கடல் தாண்டி வந்து, முகாம் அறையில் உங்கள் கணவரை வளர்த்து ஆளாக்கிய மனுஷி அவர். அவர் வாய் திறந்தால் சத்தம் கூடுகிறது. பெற்றவளுக்குச் சமமானவருக்கு இதைவிட என்ன அவமரியாதை வேண்டும்? மகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அப்பம்மாவுக்கு நடந்தது ஏதோ வெட்கக்கேடு என்று இந்நேரம் அவள் மனதில் பதிந்திருக்கும்.

பயப்படுவாளாம்! அரைகுறையாகக் காதில் விழுவதுதான் பிள்ளையைப் பயமுறுத்தும். மன்னார்க் கரையிலிருந்து வந்தவர்களில் பலரைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு முன்னாலுள்ள மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனதுண்டு. அங்கே பிள்ளைகளை மடியில் வைத்துக் காத்துக் கிடந்தவர்களின் தைரியம் அவளுக்குத் தெரிய வேண்டாமா? இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளை. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், சரி. பள்ளிக்கூடத்தில் "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் முயலையா காட்டுவாள்?

ஞாயிறு பகலில் உட்காருங்கள், தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பேசாலையிலிருந்து தொடங்கட்டும்: கடற்கரை, விளையாட்டு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். படகு கோணலாக இருந்தாலும் மகள்தான் வரைய வேண்டும். சாவு பற்றி வந்தால், யார் போனார்கள் என்ற ஒரு வரி போதும். எப்படி என்பதை வளர்ந்தபின் கேட்டுக்கொள்வாள். மாமியார் பேச முடியாமல் நின்றால் வற்புறுத்தாதீர்கள், அன்றைக்குப் படத்துக்கு வண்ணம் தீட்டுங்கள்.

அப்புறம், கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் தாயின் கதை இது. தாளை மடித்து, தைத்து, அட்டை போடுகிற வேலையை அவரிடம் கொடுங்கள். கேட்டுக்கொண்டே செய்யட்டும்.