சரிவு மனைக்கு ஒரு துளை போதுமா?

கேள்வி: எங்கள் மனை சரிவில் இருக்கிறது. ஒரு துளை போட்டு, மண் பரிசோதனை அறிக்கை வாங்கிக் கொடுத்தோம். நிலவியல் அறிக்கையும் வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு அமிழும் என்பதைச் சொல்வது மண் அறிக்கை. அந்த மண்ணோடு சேர்ந்து சரிவே நகருமா என்று பார்ப்பது நிலவியல் அறிக்கை. தாங்குதிறன் நன்றாக இருந்தும் சரிந்துபோன வீடுகள் உண்டு.

நிலவியலாளர் எல்லைக்கல்லோடு நின்றுவிடக் கூடாது. உச்சியில் பிறை வடிவ விரிசல், அடியில் வளைந்த மரங்கள், கோடையிலும் கசியும் ஈரம் எல்லாம் மனைக்கு வெளியேதான் பெரும்பாலும் தென்படும். பாறை அடுக்கு எந்தப் பக்கம், எத்தனை டிகிரி சாய்கிறது என்று அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். அது சரிவு இறங்கும் பக்கமே சாய்ந்திருந்தால், வீட்டுக்காக அடிவாரத்தை வெட்டும்போது மேலே உள்ளதற்கு முட்டுக் கொடுத்த மண்ணையே எடுத்துவிடுகிறீர்கள்.

துளைகளைச் சரிவின் போக்கிலேயே மேல், நடு, கீழ் என்று குறைந்தது மூன்று போடுங்கள். அப்போதுதான் குறுக்குவெட்டுப் படம் வரைய முடியும். மண்ணின் உறுதியை அறிய, துளையின் அடியில் ஒரு குழாயை வைத்து அடித்து இறக்குவார்கள் (SPT சோதனை). 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும்; முதல் 15 செ.மீ. இறங்கிய அடிகளைத் தள்ளிவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு ஆன அடிகளைத்தான் எண்ணுவார்கள். குழாய் உருண்டைக் கல்லில் முட்டி இறங்காமல் நின்றதும் 'பாறை' என்று எழுதித் துளையை முடித்துவிடுவதே அடிக்கடி நடக்கும் தவறு. அங்கிருந்து இன்னும் 3 மீட்டராவது வைரமுனையால் துளைத்துக் கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோரில் விரல் தடிமனுக்கு வழவழப்பான களிமண் படலம் இருந்தால், சறுக்கல் அதன் மேல்தான் தொடங்கும். அதன் வெட்டு வலிமையை, அதாவது சறுக்கலை எதிர்க்கும் வலிமையை, தனியாகச் சோதிக்க வேண்டும்.

நீர்மட்டத்தைக் கோடையில் ஒருமுறை அளந்தால் போதாது. பீசோமீட்டர் குழாய் (நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் குழாய்) இறக்கி, மழைக்காலத்தில் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து, அந்த மட்டத்தை வைத்துத்தான் சரிவின் பாதுகாப்பு எண்ணைக் கணக்கிட வேண்டும். சரிவைச் சறுக்க வைக்கும் விசையைப் போல, அதைத் தடுக்கும் வலிமை எத்தனை மடங்கு என்பதே அந்த எண். வழக்கமாகக் கேட்பது 1.5. காய்ந்த மண்ணுக்குப் போட்ட 1.5-ஐ நம்பாதீர்கள்.

கேள்வி: பக்கத்து மனையின் அறிக்கையைக் கொடுக்கலாமா?

பதில்: துணைத் தகவலாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான். அங்கே வெட்டிய தரை, உங்கள் பக்கம் கொட்டி நிரப்பிய மண்ணாக இருக்கலாம். குழி வெட்டியதும், கான்கிரீட் போடுமுன், அறிக்கை எழுதிய பொறியாளரே வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.