பழைய பி320 கைத்துப்பாக்கி வாங்கும்போது கிரிப்பை நம்பாதீர்கள்

கிரிப் (கைப்பிடி) புத்தம்புதிதாக இருப்பதை வைத்து ஒரு சிக் சாவர் நிறுவனத்தின் பி320, கீழே விழுந்தால் சுடாதபடி மேம்படுத்தப்பட்டதா என்று சொல்லவே முடியாது. கிரிப் வெறும் கூடு. யாரும் எளிதாக மாற்றிவிடலாம். அமெரிக்கச் சட்டப்படி உள்ளே இருக்கும் ட்ரிகர் (விசை) தொகுதிதான் துப்பாக்கி. சீரியல் எண்ணும் அதில்தான், கிரிப்பில் உள்ள சிறு திறப்பு வழியே தெரியும்.

நீங்கள் பார்க்கும் துப்பாக்கி 2017 ஆகஸ்டில் மேம்பாடு வருவதற்கு முன் செய்ததாக இருக்கலாம். கீழே விழுந்தால் சுடக்கூடும் என்று தெரியவந்த பிறகு, நிறுவனம் எடை குறைந்த ட்ரிகர், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி), சியர் (அந்த ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) மாற்றிக் கொடுத்தது.

மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் பகுதி) பின்னால் இழுத்து, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் சீரியல் எண்ணை சிக் சாவர் நிறுவனத்திடம் கொடுத்துக் கேளுங்கள். விற்பவர் எண்ணைக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

மேம்படுத்தியவையும் தானாகச் சுட்டதாக அமெரிக்காவில் வழக்குகள் உண்டு. ட்ரிகரை முழுக்க மூடும் உறை இல்லாமல் இடுப்பில் செருகவே வேண்டாம்.